ஓவர்டைம் வீட்டில் ‘மாத வருமானம்’ எது?

எஸ்டிஆர் எனப்படும் ரஹ்மா ரொக்க உதவிக்கான விவரங்களைப் புதுப்பிக்கும் வேலை, பல வீடுகளில் மாணவர்களாகிய நம் தலையில்தான் விழுகிறது. பெயர், அடையாள அட்டை எண், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் சுலபம். மாத மொத்த வருமானம் என்ற இடத்தில்தான் கை நிற்கும். ஓவர்டைமை நம்பி ஓடும் வீட்டில் எந்த மாதத்தை எழுதுவது?

பணம் அந்த ஒரு எண்ணில்தான் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு விகிதப்படி, குடும்ப வருமானம் 2,500 ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், மூன்று அல்லது நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 2,000 ரிங்கிட். 2,501 முதல் 5,000 வரை என்றால் 1,000 ரிங்கிட். அதற்கு மேல் ஒன்றுமில்லை. கோட்டை ஒரு ரிங்கிட் தாண்டினாலும் உதவி பாதியாகிவிடும்.

ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். அதை 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8.17 வருகிறது. சாதாரண நாளில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12.26. சட்டம் அனுமதிக்கும் உச்சமான 104 மணி நேரமும் உழைத்தால் அந்த மாதம் சுமார் 2,975 ரிங்கிட். தொழிற்சாலைக்கு ஆர்டர் வராத மாதத்தில் வெறும் 1,700. ஆண்டில் ஆறு மாதம் 90 மணி நேர ஓவர்டைம், மீதி ஆறு மாதம் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை மிகுந்த மாதத்தின் சம்பளச் சீட்டு 2,803 காட்டும். ஆண்டுச் சராசரியோ 2,252தான். எந்தச் சீட்டு கைக்குக் கிடைத்தது என்பதைப் பொறுத்து 1,000 ரிங்கிட் போகலாம். அதைத் திரும்பச் சம்பாதிக்க 82 மணி நேரம் ஓவர்டைம் செய்ய வேண்டும்!

ஆவணங்களும் ஒத்துப்போவதில்லை. ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் சந்தா பிடிப்பதில்லை, எனவே அந்த அறிக்கையை வைத்துக் கணக்கிட்டால் வருமானம் குறைவாகத் தெரியும். சொக்சோ சந்தாவுக்கோ ஓவர்டைமும் சேரும். என் பார்வையில் நம்பத்தக்கது, பிப்ரவரி இறுதிக்குள் முதலாளி கொடுக்க வேண்டிய இஏ பாரம். ஆண்டு முழுவதற்குமான சம்பளமும் ஓவர்டைமும் அதில் இருக்கும்; 12ஆல் வகுத்தால் நேர்மையான சராசரி வந்துவிடும். எஸ்டிஆரைக் கையாளும் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கும் முதலாளி அதே கணக்கைத்தான் அனுப்புகிறார். எனவே இது வருமானத்தைக் குறைத்துக் காட்டும் தந்திரமும் ஆகாது.

பிரிட்டன் இதே சிக்கலை வேறு விதமாகச் சமாளிக்கப் பார்த்தது. 2003இல் தொடங்கிய அதன் வரிச் சலுகைத் திட்டத்தில், குடும்பங்கள் ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டுச் சொல்லும். ஆண்டு முடிந்ததும் உண்மையான வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். 2,500 பவுண்டு வரையிலான உயர்வு கண்டுகொள்ளப்படாது. அது போதவில்லை. முதல் ஆண்டிலேயே சுமார் 200 கோடி பவுண்டு அதிகமாகக் கொடுக்கப்பட்டு, ஏழைக் குடும்பங்களிடமிருந்தே திரும்பக் கேட்கப்பட்டது. 2006இல் அந்தச் சலுகை வரம்பை 25,000 பவுண்டாக உயர்த்தினார்கள். பிறகு செலவைக் குறைக்கப் படிப்படியாக இறக்கி, 2016இல் பழைய 2,500க்கே கொண்டுவந்தார்கள். திட்டம் 2025 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. அதன் இடத்துக்கு வந்த யுனிவர்சல் கிரெடிட் மாதாமாதம் சம்பளத்தைப் பார்க்கிறது. ஓவர்டைம் மாதத்தில் உதவி அப்போதே இறங்கும்.

நம் நாட்டில் அவ்வளவு இயந்திரம் வேண்டியதில்லை. ஆனால் கோட்டருகே ஒரு சரிவு தேவை. 2,500ஐத் தாண்டியதும் பாதியாக வெட்டாமல், கூடும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். இருவர் வேலை செய்யும் வீடுகளுக்கு 5,000 ரிங்கிட் கோட்டில் இது இன்னும் முக்கியம். குறைந்தபட்ச சம்பளக்காரர்கள் இருவரின் கூட்டு வருமானம் 3,400க்கும் 5,950க்கும் இடையில் ஊசலாடலாம். அங்கே போவது ரொக்கம் மட்டுமல்ல. பிடிபிடிஎன் கல்விக் கடனை முழுத் தொகையாகப் பெற எஸ்டிஆர் தகுதி உதவி வந்திருக்கிறது. சரிவு வைத்தால் அரசுக்குச் செலவு கூடும் என்பது உண்மைதான். அந்தச் செலவை இப்போது ஓவர்டைம் செய்யும் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.