லோடு அதிகம் காட்டினால் போதுமா?

தென்காசி மாவட்டத்தில் சிவகிரி, புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கம் ஒன்றிரண்டு லாரி வைத்து ஓட்டுபவர்களுக்கு இன்று சொல்லப்படும் யோசனை ஒன்றுதான்: புக்கிங் ஆபீஸ் காலம் முடிந்தது, எந்த ஆப்பில் லோடு அதிகம் காட்டுகிறதோ அதைப் போட்டுக்கொள், கமிஷன் மிச்சம், ரிட்டர்ன் லோடும் கிடைக்கும். இதை நம்பித் தொழிலை மாற்றுபவர் நட்டப்படுவார் என்றே நினைக்கிறேன். ஆப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, இறக்கிய பிறகு பாக்கி வாடகைக்கு யார் பொறுப்பு என்பதை.

எண்ணிக்கையையே எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பெனியின் சரக்கு நாலைந்து புரோக்கர் கைக்குப் போகிறது. ஒவ்வொருவரும் தம் பெயரில் பதிவிட, திரையில் ஒரு லோடு ஐந்தாகிறது. எங்கே கிடக்கும் லோடு என்பது அதைவிட முக்கியம். இந்தப் பகுதி வண்டிகள் திருமங்கலம்–கொல்லம் சாலையில் புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கு எலுமிச்சை, காய்கறி, எம்-சாண்ட் கொண்டுபோகின்றன. கேரளம் வாங்குவது அதிகம், சாலை வழியே திருப்பி அனுப்புவது குறைவு. புனலூரில் காலியாக நிற்கும் வண்டிக்கு மும்பையில் ஆயிரம் லோடு இருந்து என்ன பயன்? அங்கே இல்லாத சரக்கை எந்த ஆப்பும் உண்டாக்கித் தராது. கொல்லம், கொட்டாரக்கரையிலிருந்து ராஜபாளையம், மதுரைக்கு என்ன வருகிறது என்று சில வாரம் கவனித்தால் அந்த ஆப்பின் உண்மையான அளவு தெரிந்துவிடும்.

கமிஷன் மிச்சம் என்பது இன்னும் பலவீனமான வாதம். புக்கிங் ஆபீஸ்காரர் கமிஷன் எடுக்கிறார். ஆனால் ஏற்றும்போதே டீசலுக்கு அட்வான்ஸ் வாங்கித் தருகிறார், பாக்கி இழுத்தால் போய் உட்கார்ந்து கேட்க ஓர் இடமும் இருக்கிறது. உள்ளூர் புரோக்கர்களும் பாக்கியை மாதக்கணக்கில் இழுக்கவில்லையா, சரக்கு குறைவு என்று சொல்லி வாடகையில் பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள். உண்மைதான். முகம் தெரிந்தவரே இழுத்தடிக்கும் தொழிலில், வெறும் கைபேசி எண்ணாக மட்டும் தெரிபவரிடம் கூடுதல் உத்தரவாதம் கேட்க வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. அமெரிக்காவை உதாரணம் காட்டுபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அங்கே டிஏடி நிறுவனம் 1978-இல் போர்ட்லண்டின் ஒரு லாரி நிறுத்தத்தில் லோடு விவரங்களைத் திரையில் காட்டத் தொடங்கியது. இன்று அந்நாட்டில் சரக்கு புரோக்கராக இருக்க மத்திய அரசின் உரிமமும் 75,000 டாலர் பிணையமும் கட்டாயம். வாடகை வராவிட்டால் லாரிக்காரர் அந்தப் பிணையத்தின் மீது கோரலாம். லோடு காட்டும் திரைக்குப் பின்னால் சட்டம் நிற்பதால்தான் திரையை நம்ப முடிகிறது.

பெரிய கம்பெனி கைவிடாது என்பதும் சரியல்ல. பல ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு பெற்ற அமெரிக்க லோடு ஆப் நிறுவனமான கான்வாயே 2023 அக்டோபரில் சியாட்டிலில் கடையைக் கட்டியது. 2015-இல் தொடங்கி 2024 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்த நம் நாட்டு லோடு ஆப் நிறுவனம் பிளாக்பக்குக்கு வருமானத்தில் பெரும்பகுதி ஃபாஸ்டேக், ஜிபிஎஸ் போன்ற சேவைகளிலிருந்து வருகிறது. அதில் தவறொன்றுமில்லை. ஆனால் லோடு காட்டுவது வேறு, அந்த லோடின் வாடகைக்குப் பொறுப்பேற்பது வேறு என்பதை லாரிக்காரர் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆள் பழக்கமில்லாத ஊரில் வண்டி காலியாக நிற்கும்போது அது பெரிய உதவி. அப்போதும் பதிவிட்டவரின் ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் சரிபார்த்து, வாடகையில் பெரும்பங்கை வண்டி நகரும் முன்பே வாங்கி, ஹால்டிங், இறக்குகூலி யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு சரக்கு ஏஜெண்டுகளுக்கு உரிமம் தேவை என்கிறது. 2019 திருத்தம் இணைய இடைத்தரகர்களையும் அந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்தது. ஆனால் அதற்குத் தந்த விளக்கம் பயணியையும் ஓட்டுநரையும் இணைப்பவர்களோடு நின்றுவிட்டது. சரக்கு ஆப்களையும் அதில் சேர்க்கவும், லோடு பதிவிடும் ஒவ்வொருவரும் தம் உரிம எண்ணைக் காட்டவும் தென்காசி மாவட்ட லாரி உரிமையாளர்கள் அரசிடம் கேட்க வேண்டும்.