தாழ்ந்த காங்கிரீட் தளங்கள்: மேற்பூச்சு மராமத்து ஆகுமா?

மழைக்காலம் முடிந்ததும் பள்ளிகளிலும் கடைகளிலும் குடியிருப்புகளிலும் ஒரே விதமான காட்சியைக் காண்கிறோம். சுவரை ஒட்டிப் போடப்பட்ட காங்கிரீட் தளம் ஓரிடத்தில் தாழ்ந்திருக்கும். சுவருக்கும் தளத்துக்குமிடையே விரல் நுழையுமளவு பிளவு தோன்றியிருக்கும். வாசற்படியின் முன் நீர் தேங்கி நிற்கும். உடனே கொத்தனார் வரவழைக்கப்படுகிறார். பள்ளம் சிமிட்டிக் கலவையால் நிரப்பப்படுகிறது. பட்டியல் அனுப்பப்பட்டுப் பணமும் வழங்கப்படுகிறது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் அதே பள்ளம். இதனை மராமத்து என்று அழைப்பது பொருந்தாது என்பதே நம் கருத்து. மேலே சேர்க்கப்பட்ட கலவை, வலுவிழந்த மண்ணின்மீது மேலும் சுமையையே ஏற்றுகிறது.

தளம் தாழ்வது பெரும்பாலும் காங்கிரீட்டின் குற்றமன்று. குறை அதன் அடியில் இருக்கிறது. கடைக்கால் தோண்டிய பள்ளத்தை மூடும்போது மண்ணை ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறார்கள். அதனை 15 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் பரப்பி, அளவாக நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கியிருக்க வேண்டும். அவ்வாறு செய்யப்படாத மண் பின்னர் நீர் பட்டதும் தானே அமுங்குகிறது. கசியும் குழாயும், சுவரோரத்திலேயே கொட்டும் மழைநீர்க் குழாயும் நுண்மண்ணை அரித்துச் செல்கின்றன. பெருச்சாளி வளைகளும் தளத்தின் அடியை வெறுமையாக்குகின்றன.

கரிசல் நிலத்தில் சிக்கல் இன்னும் கடினமானது. மகாராஷ்டிரம், குஜராத், மேற்கு மத்தியப் பிரதேசம், தெலங்கானா, வட கர்நாடகம் ஆகிய பகுதிகளில் இம்மண் பரந்து கிடக்கிறது. இதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மெல்லிய ஏடுகளால் ஆனது. ஏடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்புகிறது. உலர்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. ஆகவே தளம் மழையில் எழும்பிக் கோடையில் தாழும். கோடையில் அதனைத் தூக்கி மட்டம் பார்த்தால், அடுத்த மழையில் அது மேடாகிவிடும். இந்நிலத்தில் ஓராண்டு அளவெடுக்காமல் மராமத்தைத் தொடங்குதல் தவறு.

இம்மண்ணை அறிய ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டே ஒரு சோதனை செய்யலாம். உலர்ந்த மண்ணை 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரு பங்குகள் எடுத்துக்கொள்க. 100 மில்லி லிட்டர் அளவுகொண்ட இரு கண்ணாடி அளவுசாடிகளில் ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி மண்ணை இடுக. காற்றுக் குமிழிகள் வெளியேறுமாறு கலக்கி 24 மணி நேரம் விட்டுவைக்க. மண்ணெண்ணெயில் இம்மண் உப்பாது. அதில் 10 மில்லி லிட்டரும் நீரில் 18 மில்லி லிட்டரும் காட்டினால் உப்பளவு 80 விழுக்காடு. 50 விழுக்காட்டைக் கடந்தாலே எச்சரிக்கை தேவை.

பழுது பார்க்கும் முறைகள் பல உள. தளத்தில் துளையிட்டு, மண்ணும் சிமிட்டியும் நீரும் கலந்த குழம்பை அழுத்தத்துடன் செலுத்தி உயர்த்துதல் ஒன்று. எடை குறைந்த பாலியூரிதேன் நுரையைச் செலுத்துதல் மற்றொன்று. பிளவுபடாத கனமான தளங்களுக்கு இவை தக்கவை. ஆயினும் நீர்க்கசிவை அடைக்காமல் குழம்பு செலுத்துவது வீண். அருகில் உடைந்த சாக்கடைக் குழாய் இருப்பின் குழம்பு அதனுள் புகுந்து அடைத்துவிடும். இயந்திரம் கிடைக்காத சிற்றூர்களில், தளத்தைப் பெயர்த்து, அடிமண்ணை அடுக்கடுக்காக இறுக்கி, சிறு சிறு கட்டங்களாக மீண்டும் போடுதலே நேரிய வழி.

கரிசல் நிலத்தில் ஒரே பாளமாகத் தளம் போடும் ஆசையை நாம் கைவிட வேண்டும். ஷாகாபாத் கல், கடப்பைக் கல் போன்ற பலகைக் கற்கள் பதித்த தளம் தாழ்ந்தால், கல்லைப் பெயர்த்து அடியைச் சரிசெய்து மீண்டும் பதிக்கலாம். இணைப்புகளின் வழியே நீர் இறங்குமே எனச் சிலர் கூறுவர். அது மெய்யே. ஆதலின் அடியில் உப்பாத கிராவல் மண்ணை இறுக்கிப் பரப்புதலும், இணைப்புகளை அடைத்தலும், மீட்டருக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் வாட்டம் வெளிப்புறமாக விடுதலும் இன்றியமையாதவை. சுவரோடு தளத்தைப் பிணைத்துவிடாமல், இடையிலுள்ள சந்தில் தார் நிரப்ப வேண்டும். தளத்தோடு சுவரும் வெடித்தால் அது அடித்தளச் சிக்கல், பொறியாளரை நாடுக. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்த, அடியில் குமிழ் விரிந்த தூண் அடித்தளங்கள் இத்தகைய நிலத்தின் புதிய கட்டடங்களுக்கு ஏற்றவை. ஆழ்ந்த கரிசலில் அவை குறைந்தது 3.5 மீட்டர் ஆழம் இறங்க வேண்டும்.

களப்பணியாளரிடம் நாம் வேண்டுவது இதுவே: தாழ்ந்த தளத்துக்கான மதிப்பீட்டில் ‘காரணம்’ என்ற ஒரு பத்தி இருக்கட்டும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறியுங்கள். காலையில் குறைந்திருந்தால் கசிவு உண்டு. பிளவின் இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். கோடையிலும் மழையிலும் தளத்தின் மட்டத்தை அளந்து பதியுங்கள். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. காரணம் எழுதப்படாத பட்டியலுக்கு ஒப்பம் இடுவது, அப்பள்ளத்துக்கே மறுமுறையும் பணம் ஒதுக்குவதாகும். அந்தப் பணம் சிறு பள்ளியின் பணம். அப்பள்ளத்தில் தேங்கும் நீர் இறங்குவது அப்பள்ளியின் கடைக்காலுக்கு.