ஆய்வை அளக்கும் கோல் எது?

ஓர் ஆய்வின் மதிப்பை எதனைக் கொண்டு அளப்பது? எத்தனை பக்கம் அச்சேறியது என்பதைக் கொண்டா? எத்தனை மாந்தரின் துயர் துடைத்தது என்பதைக் கொண்டா? இந்திய அரசு முன்னதையே கோலாகப் பிடித்திருக்கின்றது. அதனால் விளையும் கேட்டைத் தமிழர் உணர்தல் வேண்டும்.

உயர்கல்வி நிறுவனங்களுக்கெனத் தரவரிசைத் திட்டமொன்றை 2015-இல் வகுத்த அவ்வரசு, 2016 முதல் பட்டியல் வெளியிட்டு வருகின்றது. பல்கலைக்கழகங்களுக்குரிய 100 மதிப்பெண்ணில் 30 ஆய்வுக்குரியது. அதிற் பெரும்பகுதி, 'இசுகோபசு', 'வெப் ஆப் சயன்சு' என்னும் அயலகத் தொகுப்புகளில் ஏறிய கட்டுரைகளையும், அவற்றை எடுத்தாண்டோர் தொகையையும் எண்ணியே தரப்படுகின்றது. அவ்விரு தொகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கில இதழ்களையே கொண்டவை. தமிழில் எழுதப்பெறும் ஆய்வுக்கு அங்கு இடமேது?

மதுரையைப் பாருங்கள். 1976-இல் மருத்துவர் கோ. வேங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்தது. அதன் சார்பில் 1992-இல் எழுந்த ஆரோலேப் தொழிலகம், எளியோர்க்கு எட்டாதிருந்த உள்விழி வில்லையைக் குறைந்த விலையில் செய்து நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகின்றது.

வயலில் உழைப்போர் கண்ணில் நெற்கூளமும் இலையும் கீறினால் பூஞ்சைப்புண் உண்டாகிப் பார்வையே போகும். இதற்கு ஏற்ற மருந்து நாட்டமைசினா, பின்வந்த வோரிகோனசோலா என அமெரிக்க ஆய்வாளரோடு இணைந்து, மதுரை உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளரிடம் ஆய்ந்தனர். நாட்டமைசினே சிறந்தது என்னும் முடிவு 2013-இல் வெளிவந்தது. 2017-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதனை இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது.

தமிழக உழவரின் கண்ணீரிற் பிறந்த இவ்வறிவு, வெப்பநாட்டு உழவர் அனைவர்க்கும் உரிய செல்வம். தரவரிசைக் கோலோ இதனையும் கட்டுரைக் கணக்காகவே காணும். காக்கப்பட்ட கண்களை எண்ணாது!

பிரித்தானிய நாடு வேறு வழி கண்டது. தன் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பீட்டில், ஆய்வு மக்கள் வாழ்வில் விளைத்த பயனுக்கு 2014-இல் 20 விழுக்காடும் 2021-இல் 25 விழுக்காடும் ஒதுக்கியது. அப்பயன் அயல்நாட்டு ஏழையைச் சேர்ந்தாலும் கணக்கில் ஏறும். வேல்சுப் பல்கலைக்கழகங்கள் தம் தாய்மொழியிலேயே கணக்களிக்கவும் இசைவு தந்தது. பயனும் எண்ணப்பட்டால், பிறநாட்டு எளியோர்க்காக உழைக்கும் ஆய்வாளன் தன் நிறுவனத்தில் தலைநிமிர்வான்.

வேல்சுக்கு உள்ள உரிமை தமிழுக்கு ஏன் இல்லை? வைகைக் கரையின் கண்மாய்களை ஆய்பவன், உழவனுக்கு விளங்கும் தமிழில் எழுதினால் மதிப்பெண் இழப்பதா?

தில்லி திருந்தட்டும் எனக் காத்திருத்தல் வேண்டா. தமிழ்நாட்டரசு தன் பல்கலைக்கழகங்களுக்குத் தானே ஒரு மதிப்பீடு வகுக்கலாம். அதில் மக்கட்பயனுக்குக் கால்பங்கு தருக! தமிழ் ஆய்வை நிகராக ஏற்க! பிறநாட்டு எளியோர்க்கு உதவிய ஆய்வையும் எண்ணுக! கோல் செம்மையானால் ஆய்வும் செம்மையாகும்.