மாணவனா, வேலைக்காரனா?

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் என்று ஓர் ஊர். சர்வகலாசாலையால் பிழைக்கும் ஊர். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஜனத்தொகை ஏறக்குறைய 1,24,000. அந்தச் சர்வகலாசாலையின் ஃபுட்பால் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். கைக்குழந்தைகளையும் படுக்கையில் கிடக்கும் கிழவர்களையும் விட்டுவிட்டால், ஊர் முழுவதையும் உள்ளே போட்டுப் பூட்டிவிடலாம்!

என் தங்கை பிள்ளை அந்த ஊரிலேயே பிறந்தவன். நான் போயிருந்தபோது, "மாமா, இந்தச் சனிக்கிழமை எங்க ஊர்த் தேர். பார்க்காமல் போகக் கூடாது" என்றான். திருவாரூர்க்காரனிடம் தேர் என்று சொன்ன பிறகு வேறு வார்த்தை எதற்கு? கிளம்பிவிட்டேன்.

அவன் சொன்னது பொய்யில்லை. வெள்ளிக்கிழமை மாலையே ஊர் மஞ்சளும் நீலமும் கட்டிக்கொண்டு நின்றது. எத்தனையோ வருஷத்துக்கு முன் படித்துவிட்டுப் போனவர்கள் பேரக்குழந்தைகளோடு திரும்பி வந்து, தங்கள் பழைய அறை ஜன்னலைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாசல் புல்தரையில் கார் நிறுத்த இடம் விட்டுக் காசு வாங்கினார்கள். காரின் பின்கதவைத் திறந்து போட்டு, பக்கத்திலேயே அடுப்பு மூட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உபசாரம். முன்பின் தெரியாத எனக்கும் ஒரு தட்டு நீண்டது. மாமிசம் சாப்பிடாதவன் என்று தெரிந்ததும் சுட்ட சோளக்கதிர் வந்தது. ஜனங்கள் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப் போவது இவர்களைப் பற்றியதல்ல.

மைதானம் 1927-இல் திறந்தது. ஆடுகளம் தெருமட்டத்துக்கு வெகு கீழே கிடக்கிறது. வாசலில் நுழைந்து படிப்படியாக இறங்க வேண்டும். கமலாலயத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு நாற்புறப் படிகளிலும் ஜனங்களை நிரப்பினால் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது.

ஆட்டம் நம் ஊர்க் கால்பந்து அல்ல. பாதாம்கொட்டை வடிவத்தில் ஒரு பந்து. காலுக்கு அதில் வேலை குறைவு. ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணிக்காரர்கள் அவனை மோதிச் சாய்க்க வேண்டும். விதிகள் எனக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் லட்சம் தொண்டைகளோடு என் தொண்டையும் சேர்ந்துகொண்டது. வெட்கப்படவில்லை.

நடுவில் ஒரு பையன் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. லட்சம் பேரும் ஒரே மூச்சாக அடங்கினார்கள். இரண்டு பேர் தோள் கொடுக்க அவன் நொண்டிக்கொண்டு போனதும் எல்லாரும் கைதட்டினார்கள். ஆட்டம் தொடர்ந்தது. என் கண் மட்டும் அந்தப் பையனோடு போயிற்று. பத்தொன்பது, இருபது வயது இருக்கலாம்.

"வேலையில் அடிபட்டால் இவர்களுக்கு நஷ்டஈடு உண்டா?" என்று கேட்டேன்.

மருமகன் சிரித்தான். "வேலையா? அவங்க ஸ்டூடண்ட்ஸ், மாமா!"

எழுத்தைத் தொழிலாகக் கொண்டவனுக்கு ஒரு சொல் உறுத்தினால் தூக்கம் வராது. அந்தச் சொல்லின் ஜாதகத்தைத் தேடிப் படித்தேன்.

1953-இல் கொலராடோ மாகாணத்து உச்ச நீதிமன்றம், டென்வர் சர்வகலாசாலையில் ஃபுட்பால் ஆடிக் காயம்பட்ட நெமெத் என்பவரை அந்தச் சர்வகலாசாலையின் வேலைக்காரர் என்று சொல்லி, நஷ்டஈடு உண்டென்றது. கல்லூரிகளுக்குக் கிலி பிடித்தது. கல்லூரி விளையாட்டையெல்லாம் ஆளுகிற தேசியச் சங்கம் ஒன்று உண்டு. 1951 முதல் 1987 வரை அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவர் வால்ட்டர் பையர்ஸ். ஆட்டக்காரர்களை வேலைக்காரர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அஞ்சித்தான் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லை உண்டாக்கி விதிகளிலெல்லாம் புகுத்தினோம் என்று, 1995-இல் வெளியிட்ட தம் நூலில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சொல் யாரைக் காப்பாற்றியது? 1955-இல் அதே கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர் தலையில் அடிபட்டு மாண்டார். அவர் மனைவி நஷ்டஈடு கேட்டார். 1957-இல் அதே உச்ச நீதிமன்றம், அவர் வேலைக்காரரல்லர், ஆகவே ஒன்றுமில்லை என்று தீர்ப்பளித்தது.

வேலையில்லையாம்! அப்படியானால் டிக்கெட் எதற்கு? தொலைக்காட்சிக் கம்பெனிகள் கொட்டிக் கொடுக்கும் பணம் எதற்கு? பல மாகாணங்களில் அரசாங்கத்திடம் மிக அதிகச் சம்பளம் வாங்குகிறவர் கவர்னர் அல்லர். சர்வகலாசாலையின் விளையாட்டுப் பயிற்சியாளர்தான். பயிற்சி கொடுப்பது உத்தியோகம், பயிற்சியை வாங்கி எலும்பை முறித்துக்கொள்வது மட்டும் படிப்பா?

"இலவசப் படிப்புக் கொடுக்கிறோமே!" என்பார்கள். வாஸ்தவம். பெரிய பண்ணையில் ஆளுக்குச் சாப்பாடும் துணியும் கொடுத்தது கூட வாஸ்தவந்தான். அதனால் அவன் பண்ணையாள் இல்லையென்று ஆகிவிட்டதா?

"அதெல்லாம் பழங்கதை; இப்போது பணம் வருகிறதே!" என்பார்கள். அதுவும் வாஸ்தவம். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் விளம்பரங்களில் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்பாட்டின்படி, முதல் ஆண்டில் ஒரு சர்வகலாசாலை தன் வீரர்களுக்கு இரண்டு கோடி டாலருக்குச் சற்று அதிகமாகவே பங்கு கொடுக்கலாம். சந்தோஷம். ஆனால் அந்த உடன்பாடும் அவர்களை வேலைக்காரர்கள் என்று சொல்லவில்லை. நட்சத்திர ஆட்டக்காரனுக்குக் காசு சேரும். முழங்கால் போன சாமானியனுக்கு? 2024 ஆகஸ்டு முதல், பெரிய கல்லூரிகள் விளையாட்டுக் காயத்துக்கு, ஆட்டக்காரன் கல்லூரியை விட்ட பிறகும் இரண்டு ஆண்டு வைத்தியச் செலவு பார்க்க வேண்டுமென்று விதி செய்தார்கள். முழங்கால் வலி இரண்டு ஆண்டுக் கணக்குப் பார்த்தா வலிக்கும்?

காசு தருமம், நஷ்டஈடு உரிமை. தருமத்தைக் கொடுத்து உரிமையை மறைப்பது எந்த ஊரிலும் பழைய தந்திரம்.

இந்த இடத்தில் நம்மவர்கள் யாரும் மார் தட்ட வேண்டாம். நம் ஊர்களில் தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். அவன் கால் நசுங்கினால், "அவன் பக்தன், பகவான் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிப் பிரசாதத்தோடு வீடு திரும்புகிறவர்கள் நம்மில் இல்லையா? அங்கே மாணவன், இங்கே பக்தன். சொல்தான் வேறு.

தேர் ஓடட்டும்; நானும் வந்து கத்துகிறேன். ஆனால் தேர்க்காலில் நிற்கிறவனை அவனுடைய சரியான பெயரால் கூப்பிடுங்கள். அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு கூசினால், கணக்கில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம்.