நூறு கிலோமீட்டரும் ஒரு தெருவும்

தைப்பூசம் வந்தால் கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் சாலையை நிறைத்துவிடுவார்கள். சுமார் 100 கிலோமீட்டர். பலர் வெறுங்கால். வழியெங்கும் பந்தல், நீர்மோர், அன்னதானம். அந்தப் பக்தியை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் வேண்டிக்கொண்டு செருப்பை விடுவது வேறு. மிரட்டலுக்குப் பயந்து கழற்றுவது வேறு. என் தாத்தா ஊர்த்தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அந்தத் தெருக்காரர்கள் காலில் கிடந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள் தோழர்களே. அதே பழனிச் சாலையில்தான் மடத்துக்குளம் இருக்கிறது. அந்த வட்டத்தைச் சேர்ந்த ராஜாவூரில், கம்பள நாயக்கன் தெருவில் நம் மக்கள் செருப்போடு நடக்கக்கூடாது என்ற எழுதாத சட்டம் இருந்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்களோடு சேர்ந்து சுமார் 60 பேர் செருப்பணிந்து நடந்து அதை உடைத்தது 2023 டிசம்பரில்.

ஈரோட்டிலிருந்து பெரியார் 1924இல் வைக்கம் போய் இருமுறை சிறைப்பட்டது எதற்காக? கோயிலுக்குள் நுழைய அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக. அடுத்த மாநிலத்துப் போராட்டத்தை வென்றதாகக் கொண்டாடுகிறோம். 99 ஆண்டு கழித்து, அவர் பிறந்த கொங்கு மண்ணிலேயே அதே உரிமைக்காக நடக்க வேண்டியிருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. பட்டியல் சாதியினர் பொது இடத்தில் செருப்பு அணிவதையோ, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. செருப்புக்கென்று நாடாளுமன்றம் ஒரு பிரிவு எழுத வேண்டியிருந்தது என்றால் வெட்கப்பட வேண்டியது நாம் அல்ல.

கொடியோடும் கூட்டத்தோடும் ஒருநாள் நடந்துவிடலாம். மறுநாள் காலை ரேஷன் கடைக்குத் தனியாகப் போகும் நம் வீட்டுப் பெண் அதே செருப்போடு அந்தத் தெருவைக் கடக்கிறாளா? அதிகாரிகள் போய்ப் பார்க்க வேண்டியது அதை. தடுப்பவர் மீது சமாதானக் கூட்டம் போதாது, வழக்கு வேண்டும்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு தெரு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சேர்ந்தே நடப்போம், செருப்போடு.