குமாஸ்தா புத்தி

புதிதாக எதையும் யோசிக்காதவன் உருப்பட மாட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பெற்றோர்களும் சொல்கிறார்கள், என் சக எழுத்தாளர்களும் குமாஸ்தாவைக் கேலிப் பொருளாக்கிக் கதை பண்ணுகிறார்கள். நான் இதை ஒப்பவில்லை.

1935 அக்டோபர் 30ஆம் தேதி அமெரிக்காவில், டேட்டன் நகரத்தருகே, போயிங் கம்பெனியின் புது விமானம் மேலே கிளம்பியதும் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் கைதேர்ந்தவர். காற்றில் ஆடாதபடி சுக்கானுக்குப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். இருவர் மாண்டார்கள். இதற்குப் பரிகாரமாக மேதையையா தேடினார்கள்? செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி விமானியின் கையில் கொடுத்தார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கும் உலகச் சுகாதார ஸ்தாபனம் 19 அம்சங்கள் கொண்ட பட்டியல் ஒன்று வகுத்தது. புது டில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்த கணக்கு 2009இல் வெளியாயிற்று: நூற்றுக்கு 1.5 ஆக இருந்த சாவு 0.8 ஆகக் குறைந்தது. நோயாளி யார், எந்த இடத்தில் அறுப்பது, பஞ்சை எண்ணியாயிற்றா? இதை ஆயிரமாவது தடவையும் சலிக்காமல் கேட்கிற நர்ஸுக்குக் கற்பனை எதற்கு?

கனடாவின் ஒண்டாரியோவில் இதே பட்டியல் அந்தப் பலனைக் காட்டவில்லையே என்பீர்கள். 2014இல் அப்படி ஒரு கணக்கு வந்தது உண்மை. காகிதம் தானாகக் கேள்வி கேட்காது. சிரத்தையுள்ள ஆள் வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

உங்கள் பிள்ளைக்கு வரிசை தவறாத புத்தி இருக்கிறதா? மருந்துக் கடை இருக்கிறது, கணக்குத் தணிக்கை இருக்கிறது, ரயில் சிக்னல் இருக்கிறது. அங்கே அனுப்புங்கள். இல்லாததை யோசித்துப் பிழைக்க நாங்கள் சிலர் போதும்.