டிரையர்ல ரெண்டு நிமிஷம்... கடல்ல முப்பது லிட்டர்!

வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போனா, செமி ஆட்டோமேட்டிக்கைக் காட்டி சேல்ஸ்மேன் விடுற முதல் பிட்டே, 'சார், டிரையர் 1300 ஆர்.பி.எம்.!' பக்கத்துல நிற்கிற ஃப்ரன்ட் லோடுல 1000-னுதான் போட்டிருக்கும். விலையோ டபுளுக்கு மேல. 'ஸ்பீடு கம்மியா இருக்கிறதுக்கு எதுக்குடா இவ்வளவு காசு?'னு அப்பா உங்க பக்கம் திரும்புவார். இன்ஜினீயரிங் படிக்கிற புள்ளையாச்சே, பதில் சொல்லியே ஆகணும்!

மேட்டர் சிம்பிள். தண்ணியை வெளியே தள்ளுற விசை ஸ்பீடை மட்டும் பொறுத்தது இல்லை. டிரம் எவ்வளவு பெருசுங்கிறதும் முக்கியம். ஆரம் 12 செ.மீ. இருக்கிற குட்டி டிரையர் 1300-ல் சுத்தினா, துணி மேல விழுற விசை புவியீர்ப்பைப் போல சுமார் 227 மடங்கு. ஆரம் 24 செ.மீ. இருக்கிற பெரிய டிரம் வெறும் 1000-ல் சுத்தினாலே 268 மடங்கு. ஆக, நம்பரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க.

சரி, 1400 இருந்தா இன்னும் சூப்பரா? விசை எகிறும்தான். ஆனா 1000-ல் பிழிஞ்ச காட்டன் துணியில அதோட எடையில சுமார் 60 சதவிகிதம் தண்ணி மிச்சம் இருக்கும். 1400-ல் பிழிஞ்சா 50 சதவிகிதம். அவ்வளவுதான் வித்தியாசம். நூலிழைக்குள்ள புகுந்துட்ட தண்ணி லேசுல வெளியே வராது. பாலியஸ்டர் புடவை, அக்காவோட சுடிதாருக்கு 600 போதும். அதுக்கு மேல போனா அயர்ன் பாக்ஸோடதான் மல்லுக்கட்டணும்.

இப்போ மெயின் மேட்டர். ஸ்பின்னுன்னா துணி காயறதுக்குன்னுதானே நினைக்கிறோம்? அதோட பெரிய வேலை, அலசுறதுல இருக்கு. நாலு கிலோ துணி சோப்புத் தண்ணியில ஊறி இருக்கு. தண்ணியை வடிச்ச பிறகும் துணிக்குள்ள 10 லிட்டர் சோப்புத் தண்ணி நிற்குதுன்னு வைங்க. அதுல 30 லிட்டர் நல்ல தண்ணி விட்டு அலசினா, சோப்பு நாலுல ஒரு பங்கா குறையும். மூணு தடவை அலசினா 64-ல் ஒரு பங்கு. செலவு 90 லிட்டர்.

அதே துணியை ஒவ்வொரு தடவை அலசுறதுக்கு முன்னாடியும் ரெண்டு நிமிஷம் டிரையர்ல போடுங்க. உள்ளே நிற்கிறது 3 லிட்டரா இறங்கிடும். அப்புறம் 30 லிட்டர் விட்டா, ஒரே அலசுல 11-ல் ஒரு பங்கு. ரெண்டாவது அலசுல 121-ல் ஒரு பங்கு! செலவு 60 லிட்டர்தான். 30 லிட்டர் மிச்சம், துணியும் கூடுதல் சுத்தம்.

'முப்பது லிட்டர் ஒரு மேட்டரா?'ங்கிறீங்களா... அப்படியே எண்ணூர் தாண்டி காட்டுப்பள்ளிக்கு வாங்க. 2010-ல் அங்கே திறந்த மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கிற மாதிரி கட்டினது. அதுக்கு கடல்லேர்ந்து இழுக்க வேண்டியது 23.7 கோடி லிட்டர். மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கமெல்லாம் போற தண்ணி. உப்புத் தண்ணியை, காற்றழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கும் மேலான அழுத்தத்துல சவ்வு வழியா தள்ளுறாங்க. இந்த முறையில ஆயிரம் லிட்டருக்கு பொதுவா 3-லேர்ந்து 4 யூனிட் கரன்ட் ஆகும். அப்போ உங்க 30 லிட்டருக்குள்ள ஒளிஞ்சிருக்கிறது யூனிட்ல பத்துல ஒரு பங்கு. டிரையர் மோட்டார் 200 வாட்னு வெச்சாலும், 4 நிமிஷம் ஓட ஆகுறது சுமார் எழுபத்தஞ்சுல ஒரு பங்கு. ஒண்ணு போட்டா ஏழு வரவு. எந்த பேங்க்ல தருவான்?

போர் தண்ணி வீடுன்னா இன்னும் முக்கியம். மீஞ்சூர் சுத்துவட்டாரத்துல நிலத்தடியில கடல்நீர் ஏறின கதை பல வருஷமா ஓடுது. உப்புத் தண்ணியில நுரை வராது. நுரை வரலைன்னு பவுடரை அள்ளிக் கொட்டுவோம். அப்புறம் அது போறதுக்கு இன்னும் ரெண்டு பக்கெட். அளவா போட்டு, பிழிஞ்சு அலசுங்க.

இன்னொரு லோக்கல் காரணமும் உண்டு. கடல் காத்து ஈரப்பதத்துல துணி மெதுவாத்தான் காயும். செப்பாக்கம் சாம்பல் குளம், அனல் மின் நிலையம்னு இருக்கிற ஏரியாவுல, கொடியில தொங்குற ஒவ்வொரு மணி நேரமும் வெள்ளைச் சட்டைக்கு ரிஸ்க். நல்லா பிழிஞ்சா சீக்கிரம் உள்ளே எடுத்துடலாம்.

கடைசியா, 15 நிமிஷ 'குயிக் வாஷ்' பார்ட்டிகளுக்கு... நேரத்தை மிச்சம் பண்ண அதுல முதல்ல கை வைக்கிறதே ஊற வைக்கிறது, அலசுறது, நடுவுல வர்ற ஸ்பின் மேலதான். ஒரு நாள் போட்ட டி-ஷர்ட் ரெண்டு, மூணுக்கு ஓகே. ஹார்பர்ல ஷிஃப்ட் முடிச்சு வர்ற அண்ணனோட கிரீஸ் யூனிஃபார்முக்கு முழு சைக்கிள்தான். குட்டி சைக்கிள்ல போட்டு, மறுபடி ஒரு தடவை போட்டா தண்ணி டபுள் ஆயிடும்.

இந்த ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட, 'நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்'னு சொல்லிட்டு இதை டிரை பண்ணுங்க. மூணாவது பக்கெட் தேவைப்படலைன்னா, ரெண்டு செமஸ்டர் மெக்கானிக்ஸ் படிச்சது வீண் போகலை!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம். ஜூட்!